பிளேஸ்டேஷன் 5-ஆ, எக்ஸ்பாக்ஸ் சீரிஸா: வாங்கும் முன் முடிவு செய்வது எப்படி?

தொலைக்காட்சியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் கருவிகளான சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் 2020 நவம்பரில் இரண்டே நாள் இடைவெளியில் வெளிவந்தன. இவற்றில் எதை வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் வன்பொருள் விவரங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. வரைகலைத் திறனில் (கணக்கிடும் வேகத்தைக் குறிக்கும் டெராஃப்ளாப்ஸ் அளவில்) சீரிஸ் எக்ஸ் 12, பிளேஸ்டேஷன் 10.28, கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் வேகத்திலோ பிளேஸ்டேஷன் நொடிக்கு 5.5 ஜிபி, எக்ஸ்பாக்ஸ் 2.4 ஜிபி. தாளில் பெரிதாகத் தெரியும் இந்த வேறுபாடுகள், இரண்டிலும் வெளியாகும் ஒரே கேமை ஆடும்போது கண்ணுக்கு அரிதாகவே புலப்படும்.

அடுத்த ஓராண்டில் ஆட விரும்பும் கேம்களின் பெயர்களை முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தக் கருவியில் கிடைக்கிறது என்று பாருங்கள். 'காட் ஆஃப் வார் ரக்னராக்', 'ஸ்பைடர்மேன் 2' போன்ற சோனியின் பெரிய கேம்கள் கணினிக்கு வந்தனவே தவிர எக்ஸ்பாக்ஸுக்கு வரவில்லை. மைக்ரோசாஃப்டோ தன் கேம்களைப் போட்டியாளரின் கருவிக்கும் கொண்டுபோகத் தொடங்கிவிட்டது. 'ஃபோர்சா ஹொரைசன் 5' 2025-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. எனவே கேம் பட்டியலை மட்டும் வைத்து முடிவெடுப்பவருக்கு இன்று பிளேஸ்டேஷனே பொருத்தமானது என்பது என் கருத்து. பிள்ளைகளுக்காக வாங்குவோர் அவர்களுடைய நண்பர்களிடம் எந்தக் கருவி இருக்கிறது என்றும் கேட்டறிவது நல்லது. 'ஃபோர்ட்நைட்' போன்றவற்றை வேறு வேறு கருவிகளிலிருந்தும் சேர்ந்து ஆட முடியும் என்றாலும், எல்லாக் கேம்களுக்கும் அந்த வசதி கிடையாது.

உண்மையான செலவு கருவியில் இல்லை, அதற்குப் பின் வாங்கும் கேம்களில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று கேம்களை மட்டும் வாங்கி, ஒவ்வொன்றையும் முழுமையாக ஆடி முடிப்பவருக்கு டிஸ்க் செருகும் வசதியுள்ள கருவியே சிக்கனமானது, ஏனெனில் ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், நண்பருடன் மாற்றிக்கொள்ளலாம், பழைய டிஸ்க்கைக் குறைந்த விலைக்கு வாங்கவும் செய்யலாம். இணையக் கடையில் வாங்கிய கேமை இப்படிக் கைமாற்ற வழியே இல்லை. மாறாக, மாதம் ஒரு புதிய கேமைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவருக்கு மாதக் கட்டணத்துக்குப் பல கேம்களை ஆடத் தரும் எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் சந்தா பெரும் வரம். ஆனால் சந்தாவில் உள்ள கேம்கள் நிரந்தரமல்ல, அவ்வப்போது பட்டியலிலிருந்து நீங்கும். கட்டணமும் ஏறும்: அமெரிக்காவில் கேம் பாஸின் உயர்நிலைத் தொகுப்பான அல்டிமேட்டின் மாதக் கட்டணம் 2025 அக்டோபரில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக உயர்ந்தது. ஆகவே மூன்று ஆண்டுச் சந்தாவையும் மூன்று ஆண்டுகளில் நீங்கள் வாங்கக்கூடிய டிஸ்க்குகளின் விலையையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய கேம்களை இணையவழியில் பிறருடன் ஆடுவதற்கு இரு கருவிகளிலுமே சந்தா வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விலை குறைவு என்பதற்காக எக்ஸ்பாக்ஸின் சிறிய மாதிரியான சீரிஸ் எஸ்-ஐ எடுக்க நினைப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அதில் டிஸ்க் செருகும் இடமே கிடையாது. 512 ஜிபி மாதிரியில் கேம்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 364 ஜிபி. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும் காலத்தில், மூன்றாவது கேமை ஏற்றியதும் இடம் நெருக்கும். எக்ஸ்பாக்ஸில் புதிய கேம்களை உள்ளிருந்தே இயக்கும் கூடுதல் சேமிப்புக்கு அதற்கென்றே செய்த அட்டையைத்தான் வாங்கியாக வேண்டும். பிளேஸ்டேஷனிலோ போதிய வேகமுள்ள பொதுவான எம்.2 வகை எஸ்எஸ்டியை மூடியைக் கழற்றிப் பொருத்திவிடலாம். 2023-இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷனில் டிஸ்க் பகுதியைப் பின்னாளில் தனியாக வாங்கிச் சேர்க்கலாம், முதல் முறை இணைக்கும்போது இணையத் தொடர்பு இருக்க வேண்டும். பழைய டிஸ்க்குகள் வீட்டில் இருந்தால், பிளேஸ்டேஷன் 4-இன் பெரும்பாலான கேம்கள் 5-இல் ஓடும், 3-இன் டிஸ்க்குகள் ஓடா. சீரிஸ் எக்ஸ் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து டிஸ்க்குகளில் பலவற்றையும் ஏற்கும்.

கேமை ஆடக் கையில் பிடிக்கும் கைப்பிடியையும் (கன்ட்ரோலர்) கடையில் எடுத்துப் பாருங்கள். பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸில் மின்கலம் உள்ளேயே இருக்கிறது. வில்லின் நாணை இழுப்பது போன்ற இடங்களில் விசை விரலை எதிர்த்துத் தள்ளும். எக்ஸ்பாக்ஸ் கைப்பிடியின் பின்மூடியைத் திறந்தால் இரண்டு ஏஏ பேட்டரிகள்; தீர்ந்ததும் மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். தொலைக்காட்சி மேசையையும் அளந்துகொள்ளுங்கள்: முதல் பிளேஸ்டேஷன் 5 மாதிரி 39 செ.மீ. உயரம், சீரிஸ் எக்ஸ் 30 செ.மீ. சூடான காற்றை மேற்பக்கம் வெளியேற்றும் சீரிஸ் எக்ஸை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் வாங்குவதானால், அங்கே தரும் உத்தரவாதம் நம் ஊரில் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிளேஸ்டேஷன் கணக்கைத் தொடங்கும்போது தேர்ந்தெடுக்கும் நாட்டைப் பின்னர் மாற்ற முடியாது. நீங்கள் பணம் செலுத்தப்போகும் வங்கி அட்டை எந்த நாட்டுடையதோ அதையே தேர்ந்தெடுங்கள்.