எல்.டி.யை ஹெச்.டி. ஆக்கிய ஆர்.டி. 350: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, ஒரு ஆர்.டி. வந்திருக்கு. ஒரிஜினல் ஹெச்.டி.ண்ணே, வந்து பாத்துச் சொல்லுங்க." உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ யாராவது ஒரு தம்பி இப்படி அடிக்கடி கூப்பிடுவார். ஹெச்.டி. என்றால் ஹை டார்க், இழுவிசை அதிகமுள்ள ஆர்.டி. 350 பைக்; எல்.டி. என்றால் லோ டார்க், இழுவிசை குறைந்தது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எல்.டி.யாகத்தான் இருக்கும். சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் துளையை (போர்ட்) வெட்டிப் பெரிதாக்கி, சைலன்சரை மாற்றி, புது பெயின்ட் அடித்து, ஹெச்.டி. விலை சொல்லியிருப்பார்கள்.

யமஹா ஆர்.டி. 350பி வண்டியை உரிமம் பெற்று எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ராஜ்தூத் பெயரில் இங்கே தயாரித்தது. 347 சி.சி., இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ஹை டார்க் வண்டிக்கு 30.5 குதிரைத்திறன். பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று பின்னால் லோ டார்க் வந்தது, அதற்கு 27. வித்தியாசம் மூன்றரைக் குதிரைத்திறன்தான். ஆனால் ஹெச்.டி. எண்ணிக்கையில் குறைவு என்பதால் விலை எங்கோ நிற்கிறது.

மாற்றிய வண்டியை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கைதேர்ந்த மெக்கானிக் பொறுமையாகச் செய்த எல்.டி. அருமையாக ஓடும். மாற்றிய வண்டி என்று தெரிந்து, அதற்குரிய விலைக்கு வாங்குங்கள். பெயருக்குப் பணம் கொடுப்பதுதான் முதல் தவறு. செய்த வேலைக்குக் கொடுங்கள்: எந்த லேத்தில் போர் போட்டது (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), அதற்கு மாட்டியது எத்தனையாவது ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) எப்போது பிரித்தது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல வேலை செய்தவர் இதையெல்லாம் ஆசையாகச் சொல்வார்.

இரண்டாவது தவறு, சைலன்சர் சத்தத்தில் மயங்குவது. நான் பட்டதும் இதில்தான். சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் ஹெச்.டி. என்று நம்பி வாங்கினேன். மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். தேனி ரோட்டில் ஆண்டிப்பட்டி கணவாய் ஏறும்போது இடது பிஸ்டன் ஜாம். பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. கிளட்சை அமுக்கியதால் விழாமல் தப்பினேன். பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஹெச்.டி. மாதிரி சைலன்சர் மாட்டியிருக்கிறார்கள், போர்ட்டையும் வெட்டியிருக்கிறார்கள், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மட்டும் மாற்றவில்லை. உள்ளே போகும் காற்று கூடி, பெட்ரோல் போதாமல் போனால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் உருகும். டூ ஸ்ட்ரோக்கில் ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டாக வேண்டும்.

அதனால் ஓட்டிப் பார்க்கும்போது தெருமுனை வரை போய்த் திரும்பாதீர்கள். விடியற்காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை டீ குடித்துக் காத்திருங்கள். முதலில் கம்ப்ரஷன் மீட்டர் வைத்து இரண்டு சிலிண்டரையும் பாருங்கள். இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே வேலை காத்திருக்கிறது. பிறகு அழகர்கோவில் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டி, எஞ்சினை அணைத்து இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். காபிப்பொடி நிறம் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் என் கணவாய்க் கதை உங்களுக்கும் நடக்கும்.

புகையையும் கவனியுங்கள். டூ ஸ்ட்ரோக் புகைக்கத்தான் செய்யும், ஆனால் சூடான பிறகும் வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போய் கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சுகிறது. அடுத்த பக்கத்து சீல் போனால் புகை தெரியாது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் சட்டென்று இறங்காது. இரண்டுக்குமே எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றச் சொல்கிறார்களா? அது பெரிய குறையில்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

வெட்டிய போர்ட்டைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கை வேலையில் இரண்டு சிலிண்டரும் ஒரே அளவில் இல்லாவிட்டால், ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் வண்டி நடுங்கிக்கொண்டே இருக்கும். ஹெட்டைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் நான் பேரம் பேசுவதில்லை.

பெயின்டை நம்பவேண்டாம். டேங்கில் ஒரு காந்தத்தை ஓட்டினால் பட்டி எங்கே பூசியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பலர் கோட்டை விடுவது காகிதத்தில். சிலர் எல்.டி. சேஸியில் எங்கிருந்தோ கொண்டுவந்த ஹெச்.டி. எஞ்சினையே ஏற்றியிருப்பார்கள். அந்த எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஏறாவிட்டால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அரம் போட்ட தடமோ, கோணல்மாணலான எழுத்தோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். திருட்டு வண்டியாக இருக்க வாய்ப்புண்டு.

நம்பர் பிளேட்டும் பேசும். இப்போதைய எண் முறை 1989-இல்தான் வந்தது. 1984 மாடல் என்று சொல்லி, பிளேட்டில் டி.என். 58, டி.என். 59 என்று இருந்தால் அது மறுபதிவான வண்டி. அதில் தப்பில்லை, ஆனால் எதற்காக, எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பம், போடி வழியாகக் கேரள வண்டிகளும் நிறைய வருகின்றன. அப்படி ஒன்று பிடித்துப்போனால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பதிவான ஊரின் ஆர்.டி.ஓ. தரும் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று, கைக்கு வரும்வரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.