கத்திரி வெயிலில் பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது சறுக்குகிற இடங்கள்

வருஷா வருஷம் மே மாதம் குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டில் அக்கா பிள்ளைகள், தம்பி பிள்ளைகள் என்று ஏழு வாண்டுகள் கூடும். போன லீவில் மட்டும் என் போனில் அறுநூறு படத்துக்கு மேல். ஆல்பம் போடலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். தேறியது ஒன்பது.

கழித்தவற்றில் ஒரு பெரிய கட்டு வேலூர்க் கோட்டையில் எடுத்தது. அகழி பின்னால் தெரிய ஏழு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் முகமும் புளியங்காயைக் கடித்த மாதிரி. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருப்புக் குழி. "கண்ணு கூசுது மாமா" என்று சின்னவள் சொல்லச் சொல்ல, "ஒரே ஒரு படம்டி, நிமிந்து பாரு" என்று நான்தான் அதட்டினேன். மணி அப்போது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பிரியாணிக்கு முன்னால் கோட்டையை முடித்துவிடலாம் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. கேமரா என்ன செய்யும், பாவம்.

நம் ஊரில் உச்சி வெயில் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி, பகல் 12.12 வாக்கில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. அதற்குப் பிறகு மே முழுக்க அது கொஞ்சம் வடக்கே நகர்ந்தாலும் நண்பகலில் தலைக்கு மேல்தான். அப்படி மேலிருந்து விழும் வெளிச்சத்தில் புருவ நிழல் கண்ணை மறைக்கும், மூக்கு நிழல் மீசை வைக்கும். தொப்பி போட்டால் பாதி முகம் காணாமல் போகும். நிமிரச் சொன்னால் கண் கூசும். எப்படி நிறுத்தினாலும் தோல்விதான்.

சூரியன் எழுந்ததிலிருந்து ஏழரை வரை, சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஆறரை வரை. மே மாதத்தில் நமக்குக் கிடைக்கும் நல்ல வெளிச்சம் இவ்வளவுதான். "காலையில் பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்களே" என்பீர்கள். எழுப்ப வேண்டாம். தேறிய ஒன்பதில் ஒரு படம் மொட்டை மாடியில் அவர்கள் தூங்கும்போது எடுத்ததுதான். இரவு கரன்ட் போய் எல்லோரும் பாயோடு மேலே ஏறியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஒரே போர்வைக்குள் நான்கு தலை, வெளியே ஏழு கால். எந்தக் கால் யாருடையது என்று இன்னும் தகராறு ஓடுகிறது.

மத்தியானம்தான் நேரம் கிடைக்கிறது என்றால் நிழலுக்குள் கூட்டிவாருங்கள். ஆனால் அங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. வேப்பமரத்தடி நமக்குக் குளிர்ச்சி, படத்துக்கு ஆகாது. இலை இடுக்கு வழியாக விழும் புள்ளி வெயில் முகமெல்லாம் தேமல் விழுந்த மாதிரி காட்டும். அடர்ந்த மாமர நிழல் பரவாயில்லை. எல்லாவற்றையும் விடத் திண்ணைதான் உசத்தி. நிழல் முடியும் ஓரத்துக்கு இரண்டடி உள்ளே பிள்ளையை உட்காரவைத்து, முகம் தெருவைப் பார்க்கட்டும். வாசல் வெளிச்சம் முகத்தில் ஒரே சீராக விழும், கண்ணில் ஒரு சிறு மினுக்கம் வரும். பின்னால் வெயில் அடித்த தெரு தெரியும்படி மட்டும் எடுத்துவிடாதீர்கள். முகம் கருத்துவிடும்.

இந்தக் கருப்பு விஷயத்தில் கேமராவின் புத்தி எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தன் எதிரே இருப்பதை எல்லாம் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் பிள்ளையை நிறுத்தினால், இவ்வளவு வெளிச்சமா என்று மொத்தப் படத்தையும் குறைத்துவிடும். முகம் இருட்டிவிடும். போன் திரையில் பிள்ளையின் முகத்தைத் தொட்டு, அப்படியே விரலை மேலே நகர்த்தினால் பெரும்பாலான போன்களில் வெளிச்சம் கூடும். இதைச் செய்யாமல் பியூட்டி மோடைத் தட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். அது வெயிலில் விளையாடிக் கருத்த பிள்ளையைப் பவுடர் பொம்மையாக்கித் தரும். லீவு முடியும்போது பிள்ளைகள் இரண்டு சுற்று கருத்துத்தான் ஊர் திரும்புவார்கள். படத்திலும் அது இருக்கட்டுமே. முதல் வேலையாக அந்த மோடை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, "இங்க பாரு, சிரி." மூன்று வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் இதற்கு உண்மையாகச் சிரிப்பதில்லை. பல்லைக் காட்டும், அவ்வளவுதான். கையில் ஏதாவது வேலை கொடுத்துவிட்டு நாம் பேசாமல் இருப்பதே மேல். நுங்கு சீவும் இடத்தைப் பாருங்கள். அரிவாள் இறங்கியதும் மூன்று கண் தெரியும். தம்பி மகன் பெருவிரலை உள்ளே விடுகிறான். முதல் குத்தில் தண்ணீர் பீச்சி மூக்கில் அடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே உறிஞ்சுகிறான். முழங்கை வரை வழிகிறது. இதற்கு மொத்தமே பத்து நொடி ஆகாது. நான் முதல் தடவை சட்டையை இழுத்துவிட்டு, தலை சீவிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்து வெறும் காய் கீழே கிடந்தது. இரண்டாவது காய்க்கு முன்பே தரையில் உட்கார்ந்து, அவன் கைமேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன். அந்தப் படம் ஒன்பதில் ஒன்று. தின்று போட்ட காய்களைக் குச்சியில் கோத்து நுங்கு வண்டி ஓட்டுவார்கள், அதையும் விடாதீர்கள். டவுன் பிள்ளைக்கு அந்த வண்டி உருளும் வரை நம்பிக்கையே வராது. உருளும்போது வரும் முகத்தைச் சொல்லிக் கொடுத்து வரவழைக்க முடியாது.

தரையில் உட்கார்ந்தேன் என்றேனே, அதைப் பலரும் செய்வதில்லை. நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் குட்டைக் காலும்தான் விழும். பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். வேட்டி அழுக்காகும், ஆகட்டும். ஜூம் போட்டு இழுக்காமல் நாலடி கிட்டே போங்கள். பல போன்களில் விரலால் இழுக்கும் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குகிற வேலைதான்.

கிணறு, பம்புசெட் தொட்டி என்று வந்துவிட்டால் படம் கலங்கும். குதிக்கும் பிள்ளையை உறையவைக்க ஷட்டர், அதாவது கேமரா கண் திறந்து மூடும் நேரம், 1/1000 நொடியாக வேண்டும். ஓடுகிற பிள்ளைக்கு 1/500 போதும். போனில் இதெல்லாம் பார்க்க முடியாவிட்டால் நல்ல வெயில் இருக்கும்போதே தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதியைப் போட்டு, இருபதில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அன்றைக்கே அழித்துவிடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். தண்ணீர் பக்கத்தில் படம் எடுப்பவர் காவல் பார்ப்பவர் ஆகக் கூடாது. திரையைப் பார்க்கிற கண்ணுக்குப் பக்கத்துப் பிள்ளை வழுக்குவது தெரியாது. நீச்சல் தெரிந்த இன்னொருவர் வெறுங்கையோடு நிற்கட்டும். ஆள் இல்லையா, போனை உள்ளே வையுங்கள். குளிக்கிற படங்களை ஸ்டேட்டஸில் போடும் பழக்கமும் வேண்டாம். எட்டு வயசுப் பெண்ணுக்கு அது பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள், தெளிவாகவே பதில் சொல்லும்.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவோம். அங்கே எல்லோரும் கையை உயர்த்தி அம்மன் சிரசையே எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படம் ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கும். தாத்தா தோளில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்க்கிற உங்கள் பேரனின் முகம் யாரிடமும் இருக்காது. திரும்பி நின்று எடுங்கள். ஏலகிரி மலைக்குப் போனாலும் ஒரு சறுக்கல் உண்டு. சுமார் 1,100 மீட்டர் உயரம், மேலே வெயில் கொஞ்சம் சாது. ஆனால் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் தாண்டிய பிள்ளைக்கு வயிறு புரட்டும். இறங்கியதும் நிற்கவைத்துப் படம் எடுக்காமல் அரை மணி நேரம் சும்மா விடுங்கள்.

கருவிக்கும் வெயில் ஆகாது. ஐபோனை 35 டிகிரி வரையான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர் கத்திரியில் 40 சர்வசாதாரணம். பைக் டேங்க் கவரிலும் காரின் முன்பக்கத்திலும் கிடந்த போன் படம் எடுக்கும் நேரத்தில் சூடாகி மக்கர் பண்ணும். சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். உறையைக் கழற்றி நிழலில் வைத்தால் போதும். அப்புறம் லென்ஸ். மாம்பழம் தின்ற விரல் பட்ட லென்ஸில் எடுத்தால் படம் முழுக்க மூடுபனி. என் அறுநூறில் நாற்பது அப்படிப் போனது. பருத்தித் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் வேலை.

கடைசியில் பிரிண்ட் போடும்போதும் ஒரு சறுக்கல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஸ்டுடியோவுக்கு டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நாலுக்கு ஆறு அங்குலத்தில் துல்லியமாக வர 1200-க்கு 1800 பிக்சலாவது வேண்டும். ஒன்பதையும் அப்படிப் போட்டு அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தவர், நுங்குப் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "தேதி எழுதலியா? இவன் அப்பனோட இதே மாதிரி ஒண்ணு பொட்டில கெடக்குது, எந்த வருஷம்னே தெரியல" என்றார். பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.