மனச்சோர்வு மாத்திரை: தொல்லை முன்னால், பலன் பின்னால்

மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பத்து நாள் போட்டுவிட்டு, "எனக்கு இது ஒத்துக்கல" என்று தூக்கிப் போடுபவர்கள் நிறையப் பேர். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். இந்த மாத்திரைகளில் தொல்லை முன்னால் வரும், பலன் பின்னால்தான் வரும் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. குமட்டல், தலைவலி, வயிறு கலங்குவது, தூக்கம் கெடுவது, காரணமே இல்லாத படபடப்பு எல்லாம் முதல் சில நாட்களிலேயே எட்டிப் பார்க்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். மனசு கொஞ்சம் லேசாவது தெரியவே இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும், முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். அதனால் ஆரம்பித்த தேதியை ஸ்ட்ரிப்பின் அட்டைப்பெட்டி மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள், "ரொம்ப நாளா சாப்பிடறேன், ஒண்ணும் ஆகல" என்று தோன்றும் நாளில் அதை எடுத்துப் பார்த்தால் பதினோராவது நாளாகத்தான் இருக்கும்.

சரி, என்ன வகை மாத்திரை என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் முதலில் கொடுப்பது எஸ்எஸ்ஆர்ஐ, அதாவது மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருளின் அளவைக் கூட்டும் வகை: செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின். குமட்டினால் சாப்பாட்டோடு போடலாம், தூக்கம் கெட்டால் காலையில் மாற்றலாமா என்று கேட்கலாம். தணியாமல் கூடவே வரக்கூடியது பாலுறவு தொடர்பான சிக்கல், அதாவது ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது. வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள், சொன்னால் டோஸைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது. வென்லாஃபாக்சின், டுலாக்ஸெடின் இரண்டும் எஸ்என்ஆர்ஐ என்ற இன்னொரு வகை, வியர்வை அதிகம் வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், அதனால் அவ்வப்போது பிரஷர் பாருங்கள். மிர்டாசபின் தூக்கத்தையும் பசியையும் கூட்டும், எடை ஏறும். புப்ரோபியானில் பாலுறவுச் சிக்கல் குறைவு, ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய ட்ரைசைக்ளிக் வகையில் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், அளவு மீறிப் போட்டால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். எம்ஏஓஐ என்ற இன்னும் பழைய வகை இன்று அபூர்வம், அதைச் சாப்பிடுபவர்கள் நாள்பட்ட சீஸ்கூடச் சாப்பிடக்கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டியவை உண்டு. வலிக்கு டிரமடால், மைக்ரேனுக்கு டிரிப்டான், இருமல் மருந்தில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மூலிகை என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், இவை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரடோனின் அளவு மீறிப் போகலாம். நடுக்கம், காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் எல்லாம் ஒன்றாக வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையும் எஸ்எஸ்ஆர்ஐயும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். எப்போதாவது தூக்கமே இல்லாமல், தேவைக்கு மேல் உற்சாகமாக, காசை வாரி இறைத்த நாட்கள் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறுள்ளவர்களுக்கு இந்த மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த நிலை திரும்பக்கூடும். கர்ப்பமென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், உடனே கேளுங்கள்.

இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இலிருந்தே மருந்து உறையில் எச்சரிக்கை போட வைத்திருக்கிறது, அப்போது சிறுவர்களுக்கு, 2007-இல் இளைஞர்களுக்கும். எந்த வயதானாலும் அப்படி ஓர் எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், கூட இருப்பவரிடம் அப்போதே சொல்லிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் நிறுத்துவது. நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், கண்ணைத் திருப்பும்போது மண்டைக்குள் சுரீரென்று ஷாக் அடித்த மாதிரி ஓர் உணர்வு. பராக்ஸெடினிலும் வென்லாஃபாக்சினிலும் இது அதிகம், ஃப்ளுவாக்ஸெடின் உடம்பை விட்டு மெதுவாக வெளியேறுவதால் குறைவு. டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். ஸ்ட்ரிப்பில் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள், மருந்துக்கடை மூடியிருக்கிற நாளில்தான் கடைசி மாத்திரை தீரும்.