தளர்ந்த திருகை மேலும் முறுக்குவதற்கு முன்

பெட்டியில் பலகைகளாக வந்து, வீட்டில் நாமே பூட்டிக்கொள்ளும் அலமாரியோ மேசையோ ஆடத் தொடங்கினால், திருப்புளியை எடுத்து எல்லாத் திருகுகளையும் இன்னும் கொஞ்சம் முறுக்கிவிடத்தான் கை போகும். பல வேளைகளில் கேடு அங்கேதான் தொடங்குகிறது. இத்தகைய அறைகலன்கள் பெரும்பாலும் மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த துகள்பலகையால் ஆனவை. மரத்திலுள்ள நீண்ட நார்கள் அதில் கிடையாது என்பதால், திருகின் புரி ஒருமுறை துளையின் சுவரை அரைத்துவிட்டால், அதன் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் தூள் கொட்டுமே தவிரப் பிடிமானம் திரும்பாது.

ஆகவே முதலில் தளர்ந்த திருகைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். புரிகளுக்கிடையே வெளிர்பழுப்புத் தூள் அப்பியிருந்தால் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். புரி சுத்தமாகவும் துளையின் விளிம்பு கூர்மையாகவும் இருந்தால், கதவைத் திறந்து மூடும் அதிர்வாலோ, தரை துடைக்கும்போது அலமாரியைத் தூக்காமல் இழுத்ததாலோ திருகு வெறுமனே கழன்றிருக்கிறது. துளையைச் சுற்றிப் பலகை புடைத்திருந்தால், தண்ணீர் ஏறியிருக்கிறது.

வெறுமனே கழன்ற திருகை மின்திருப்புளியால் பூட்ட வேண்டாம். கையால் பூட்டினால்தான் இறுகும் இடம் விரலுக்குத் தெரியும். திருகைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் அது சற்றே கீழிறங்கிப் பழைய புரியில் அமர்வதை உணரலாம். அங்கிருந்து வலப்பக்கமாக முறுக்கினால் புதிய புரி வெட்டாமல் பழைய வழியிலேயே உள்ளே போகும். திருகின் தலையில் கூட்டல் குறியின் கைகளுக்கிடையே மெல்லிய கோடுகளும் தெரிந்தால் அது போசிடிரைவ் வகை. வெறும் கூட்டல் குறி வடிவிலான சாதாரணப் பிலிப்ஸ் முனையால் திருப்பினால் வழுக்கித் தலை தேய்ந்துவிடும்.

தேய்ந்த துளைதான் உண்மையான வேலை. கதவின் எடை முழுவதையும் தாங்கும் கீல் திருகுகளில்தான் இது மிகுதியாக நேர்கிறது. பல் குத்தும் குச்சியையும் பசையையும் திணிப்பது பலரும் சொல்லும் வழி. சிறிய இழுப்பறைக் கைப்பிடிக்கு அது போதும், கதவுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். கதவைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையை 8 மில்லிமீட்டர் துளையிடும் அலகால் பெரிதாக்கி, அதே தடிமனுள்ள இணைப்பு மரக்குச்சியை உள்ளே இறக்குவதே நிலைக்கும். பலகை பெரும்பாலும் 15 முதல் 18 மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால், அலகின் நுனியிலிருந்து 12 மில்லிமீட்டரில் ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றி, அதற்கு மேல் துளையிடாமல் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அலகு மறுபக்கத்தில் எட்டிப்பார்க்கும். தூளை ஊதி வெளியேற்றி, வெள்ளை மரப்பசையைத் துளையின் சுவரில் மெல்லியதாகப் பூசுங்கள். பசையில் உள்ள நீர் துகள்களை ஊதச் செய்யும் என்பதால், நிறைய ஊற்றுவது நன்மை செய்யாது. குச்சியைத் தட்டி இறக்கி, மிஞ்சியதைப் பலகையோடு சமமாக அறுத்து, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் பசை சோம்பலாகத்தான் காயும். குளிர்சாதன அறையில் வைத்தால் நல்லது. காய்ந்தபின் குச்சியின் நடுவில் 2.5 மில்லிமீட்டர் வழித்துளை போட்டு, 4 மில்லிமீட்டர் திருகைப் பூட்டலாம். கீல் தகட்டில் முன்பிருந்த தடித்த திருகையே திரும்பப் போட்டால், புதுக் குச்சி பிளந்துவிடக்கூடும்.

பலகைகளை இணைக்கும் வட்டமான கேம் பூட்டில் கோளாறு வேறு மாதிரியானது. ஏறத்தாழ அரைச் சுற்றில் அது இறுக வேண்டும். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், எதிர்ப்பலகையில் உள்ள, பூட்டு கவ்விப் பிடிக்கும் ஆணி போதிய அளவு இறங்கவில்லை, அல்லது பெயர்ந்து வெளியே வந்துவிட்டது. பலகைகளைப் பிரித்து, ஆணியின் கழுத்துப் பட்டை பலகையைத் தொடும்வரை உள்ளே திருகுங்கள். பெயர்ந்த துளையாக இருந்தால் மேற்சொன்ன வைத்தியம்தான். கேம் துளையைச் சுற்றிப் பலகையே உடைந்திருந்தால் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டாமல், உள்மூலையில் எல் வடிவ இரும்புத் தகட்டைப் பூட்டுவது மேல். 16 மில்லிமீட்டர் பலகைக்கு 12 மில்லிமீட்டர் திருகே போதும். இவையெல்லாம் ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடைகளிலும், பல புளோக்குகளின் கீழ்த்தளக் கடைகளிலும் கிடைக்கும்.

எல்லாப் பூட்டுகளும் இறுக்கமாக இருந்தும் அலமாரி பக்கவாட்டில் ஆடினால், பின்பக்கம் போய்ப் பாருங்கள். காகித அட்டைபோலத் தோன்றும் அந்த மெல்லிய பின்பலகைதான் அலமாரியைச் சாயாமல் பிடித்திருக்கிறது. சிற்றாணிகள் கழன்றிருந்தால், பொருள்களை வெளியே எடுத்து, அலமாரியைக் குப்புறக் கிடத்தி, எதிரெதிர் மூலைகளுக்கிடையே இரண்டு குறுக்களவுகளையும் எடுங்கள். இரண்டும் சமமாகும்வரை அலமாரியைத் தள்ளிச் சரிசெய்த பிறகே, பழைய துளைகளைத் தவிர்த்துப் புது இடங்களில் சிறு திருகுகளைப் பூட்ட வேண்டும். கோணலாக இருக்கும்போது அடித்தால், கோணலே நிலைத்துவிடும்.

கட்டிலும் நாற்காலியும் எளியவை: எல்லா மரையாணிகளையும் எல் வடிவ அறுகோண ஆலன் சாவியால் அரைகுறையாக இறுக்கி, கால்கள் நான்கும் சமதளத்தில் நிற்கின்றனவா என்று பார்த்த பின்னரே முழுதாக இறுக்க வேண்டும்.

நீரேறிப் புடைத்த பலகைக்கு மட்டும் வழியில்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஊறிய துகள்பலகை, காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது, திருகையும் தாங்காது. அந்தப் பலகையை மட்டும் மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாதபோது, நகரமன்றத்தின் பெரிய பொருள் அகற்றும் சேவைக்குச் சொல்வதற்கு முன், கீல்கள், கேம் பூட்டுகள், ஆணிகள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அதே அளவில் ஒன்றே ஒன்று வேண்டுமென்று தேடினால், அவை எளிதில் கிடைப்பதில்லை.