விண்டோஸ் 11-க்கு மாறுமுன்: அந்த 48 இலக்கங்கள் எங்கே?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு நின்றது. அன்றிலிருந்து கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்ககத்தில் ஞாயிறு என்றால் யாராவது மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் தட்டிவிடுகிறார்கள். "அண்ணே, கொஞ்சம் பாருங்களேன்." பார்க்கிறேன். பெரும்பாலும் நான் விழுந்த அதே குழிகள்தான். சார்ஜரைச் செருகுங்கள், இடம் காலி செய்யுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

சாவி யாரிடம் என்று தெரியாமல் பயாஸில் கைவைப்பது

2022-ல் அக்காவின் மடிக்கணினியை மாற்றிக் கொடுக்க உட்கார்ந்தேன். எதற்கும் முதலில் பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன்னால் எழுந்து கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளை, புதுப்பிப்போம் என்று தோன்றியது. புதுப்பித்தேன். மறுபடி எழுந்த கணினி நீலத் திரையைக் காட்டி, பிட்லாக்கரின், அதாவது விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டின், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. "நான் எந்தப் பூட்டும் போடலையே தம்பி" என்றார் அக்கா.

அவர் போடவில்லைதான். பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முதலில் நுழையும்போதே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். தினமும் பூட்டைத் திறந்துவிடுவது உள்ளே இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு. பயாஸ் மாறினால், இது நான் பார்த்த கணினி இல்லையே என்று அது மறுத்துவிடும். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு, அன்றைக்கு எனக்கு வாய்த்தது.

சரி, எந்தக் கணக்கு? வாங்கிய கடையில் இருந்த பையன்தான் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்திருக்கிறான், அங்கேயே அவசரத்துக்கு உருவாக்கிய ஒரு மின்னஞ்சலில். கடைக்குப் போன் போட்டால் "அந்தப் பையன் நின்னுட்டான்" என்றார்கள். அக்கா கணக்கு, அத்தான் கணக்கு, என் கணக்கு எல்லாவற்றிலும் தேடினோம். திரையில் காட்டிய சாவி அடையாள எண் எதனோடும் பொருந்தவில்லை. கடைசியில் டிஸ்க்கை அழித்துத்தான் விண்டோஸ் போட்டேன். மருமகனின் காதுகுத்துப் படங்கள் போயின. எனக்கு இன்னும் எரிகிறது, கடைக்காரன் மேல் பாதி, என் மேல் பாதி.

ஆகவே, விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கும்போதே அமைப்புகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடுங்கள். இயக்கத்தில் இருந்தால், கைத்தொலைபேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு தம்பி சாவியைப் படம் எடுத்து, அதே மடிக்கணினியின் முகப்பில் பத்திரமாக வைத்திருந்தான்! சாவி எந்தக் கணக்கிலும் அகப்படவில்லையா? என்கிரிப்ஷனை நிறுத்தி, பூட்டு முழுதாக அவிழும்வரை காத்திருங்கள். அப்புறம் பயாஸ் பக்கம் போகலாம்.

டி டிரைவில் 'பேக்கப்'

பல வீடுகளில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டுகள். அது பேக்கப் இல்லை.

டிபிஎம் இல்லை என்றதும் லோயாட் கணினிக் கடைகளுக்கு ஓடுவது

விண்டோஸ் 11 டிபிஎம் கேட்கும். உங்கள் புராசஸர் இன்டெல் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் பணப்பையை எடுக்குமுன் பயாஸைப் பாருங்கள். இன்டெலில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் டிபிஎம் அணைந்து கிடக்கும். இயக்கினால் வேலை முடிந்தது. அதுவும் பயாஸில் கைவைப்பதுதான். மேலே சொன்னதை மறக்க வேண்டாம்.

பழைய தமிழ் எழுத்துருக்கள்

இருப்பதன் மேலேயே புதுப்பித்தால் எழுத்துருக்கள் தங்கும். அழித்துப் போட்டால் போய்விடும். எங்கள் கோயில் செயலாளர் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் வருடக்கணக்கில் தட்டிய அறிக்கைகள், அழித்துப் போட்டதும் கொம்பும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகளாக நின்றன. நல்லவேளை, அவர் மகளின் பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்தது. முதலில் எழுத்துருக் கோப்புறையை யூஎஸ்பியில் நகலெடுங்கள்.

சாயங்கால இடிமழையில் பயாஸ் புதுப்பிப்பது

வேண்டாம்.

முதல் நாளே குப்பை கூட்டுவது

பிடிக்கவில்லை என்றால் விண்டோஸ் 10-க்குத் திரும்ப 10 நாள் உண்டு. பழைய விண்டோஸை வைத்திருக்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' கோப்புறை இருக்கும்வரைதான் அது நடக்கும். இடம் அடைக்கிறதே என்று அதை அழித்துவிட்டு, பதினோராம் நாள் பழைய பிரிண்டரோடு என்னிடம் வராதீர்கள்.