டி.எம். கார்டியாலஜி: சாய்ஸ் லிஸ்ட் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னை பழைய ஜெயில் ரோடு, ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்து டீக்கடை. எம்.டி. முடித்த ஜூனியர் பெண் ஒருத்தி போனை என் கையில் கொடுத்தாள். டி.எம். கார்டியாலஜி, அதாவது எம்.டி.க்கு அப்புறம் படிக்கும் இதயநோய் மேற்படிப்பு. அதன் கலந்தாய்வில் கொடுக்க வேண்டிய கல்லூரிப் பட்டியல், எக்செல் ஷீட்டில் நாற்பது வரி, மூன்று கலர். "அண்ணா, எங்க கேஸ் அதிகம்னு பார்த்து, கேஸ் லோடு படி வரிசைப்படுத்திட்டேன். அப்படியே ஃபில் பண்ணிடவா?"

டீ ஆறிப்போனது. இந்தப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு நீட் எஸ்எஸ் முதன்முதலாக வந்த 2017இல் நான் போட்ட லிஸ்ட்டும் அச்சு அசலாக இதேதான். அப்போது என் கையில் எக்செல் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

லாக் பண்ண மறப்பது, சான்றிதழைத் தேடிக் கடைசி நாளில் அலைவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எட்டாத இடத்தை மேலே போட்டால் எட்டும் இடமும் போய்விடும் என்ற பயம்

போகாது. உங்கள் ரேங்க்கின் முறை வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். அந்த நேரத்தில் காலியாக இருக்கும் முதல் சீட்டைத் தரும். ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். போன வருட க்ளோசிங் ரேங்க்கை (கடைசியாக சீட் கிடைத்த ரேங்க்) பார்த்துவிட்டு, "இது நமக்குக் கிடைக்காது" என்று தானே தன் கையால் அடித்துவிடுகிறவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் வந்து புலம்புகிறார்கள். இப்போது மெடிக்கல் குரூப்புக்கு ஒரே ரேங்க் லிஸ்ட். காஸ்ட்ரோ (வயிறு, குடல்) பக்கம் எத்தனை பேர் சாய்கிறார்கள், எண்டோ (ஹார்மோன்) பக்கம் எத்தனை பேர் போகிறார்கள் என்பதைப் பொறுத்து கார்டியாலஜி எங்கே முடியும் என்பது மாறும். போன வருடக் கணக்கு ஒரு திசையைக் காட்டும், அதற்கு மேல் இல்லை.

சேர மாட்டேன் என்று தெரிந்த இடத்தை நிரப்புவது

"கடைசியில சும்மா கிடக்கட்டும்ணா." சும்மா கிடக்காது. அலாட் ஆகும். அப்புறம் டெபாசிட்டுக்கு என்ன ஆகும், அடுத்த ரவுண்டுக்குப் போகலாமா என்று நள்ளிரவில் போன் வரும். விதிகளை கலந்தாய்வை நடத்தும் எம்சிசியின் அந்த வருடத்துத் தகவல் குறிப்பேட்டிலேயே படியுங்கள். சீனியர் சொன்னது அவர் வருடத்து விதி.

கேஸ் லோடு

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் சேர்ந்தது ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில். பெயர் வேண்டாம். வாசலிலேயே பேனர்: இத்தனை ஆயிரம் ஆஞ்சியோ, இத்தனை ஆயிரம் ஸ்டென்ட். எண் பொய்யில்லை, இதெல்லாம் செய்யும் கேத் லேப் ராத்திரி பத்து மணி வரை ஓடும். அந்த ஆயிரங்களில் என் கை எங்கே இருந்தது என்று கேட்டால் இன்டிஃப்ளேட்டரில். ஸ்டென்ட்டை விரிக்க பலூனுக்குள் அழுத்தம் ஏற்றும் கருவி அது, முனையில் ஒரு திருகு. சார் "12" என்பார், 12 அட்மாஸ்ஃபியர் வரும் வரை திருகுவேன். "இறக்கு" என்பார், இறக்குவேன். வயர் அவர் கையில், கதீட்டர் அவர் கையில், திரையும் பாதி அவர் தோளுக்குப் பின்னால். லெட் ஏப்ரன் சுமந்து எனக்கு முதுகு வலி வந்தது. பார்த்ததெல்லாம் சாரின் முதுகு.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கைக்காசு கட்டி வரும் நோயாளி பெரிய டாக்டரின் கையை நம்பித்தான் வருகிறார். மாணவன் கையில் வயரைக் கொடுக்க அவரால் எப்படி முடியும்? அந்த இடத்தின் அமைப்பே அப்படி. சேரும் முன் நான்தான் கேட்கவில்லை.

அதற்கான விலையைப் படித்து முடித்துத் திரும்பிய பிறகு கொடுத்தேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனை, இரவு டியூட்டி. அதிகாலை மூன்று மணிக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுநர் ஒருவர். "நெஞ்சைக் கப்புனு புடிச்சிக்கிச்சு சார், இறங்கவே மாட்டேங்குது." ஈசிஜியில் முன்சுவர் முழுக்க எஸ்டி கோடு எழும்பி நிற்கிறது, பெரிய மாரடைப்பு. மணிக்கட்டில் குத்தினேன், ரேடியல் தமனி சுருங்கிக்கொண்டது. தொடைக்கு மாறினேன். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் எல்ஏடி தமனியின் தொடக்கத்திலேயே அடைப்பு. 0.014 அங்குல வயர், தலைமுடிபோல ஒரு கம்பி. அடைப்பைத் தாண்டாமல் பக்கத்துக் கிளைக்குள்ளேயே போய்ப் போய் நுழைகிறது. முனையை எவ்வளவு வளைக்க வேண்டும், விரலில் எவ்வளவு உருட்ட வேண்டும் என்று மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை.

தண்டையார்பேட்டையில் இருக்கும் பேட்ச்மேட்டை எழுப்பினேன். அவன் அரசுக் கல்லூரியில் டி.எம். முடித்தவன். பைக்கில் வந்தான், லுங்கியோடு. கை கழுவி, வயர் முனையை இன்னும் கொஞ்சம் வளைத்தான், இரண்டு உருட்டு, தாண்டிவிட்டது. ஓட்டுநர் பிழைத்தார். ஆனால் கதவுக்குள் வந்ததிலிருந்து பலூன் வரை 90 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை, அன்றைக்கு அந்தக் கணக்கில் முடியவில்லை. பேட்ச்மேட் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

உடனே "அப்போ அரசுக் கல்லூரி மட்டும் போடு" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேத் லேப் மெஷின் பழுதாகி மாதக்கணக்கில் உதிரி பாகத்துக்குக் காத்திருக்கும் அரசுக் கல்லூரியும் உண்டு. காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை என்று கேஸ் தள்ளிக்கொண்டே போகும் இடமும் உண்டு. முதல் வருடத்திலேயே ஷீத் (ரத்தக்குழாய்க்குள் வழிவிடும் குழாய்) போடவிட்டு, மூன்றாம் வருடத்தில் தனியாக நிற்கவிடும் தனியார் இடங்களையும் பார்த்திருக்கிறேன். மொத்த கேஸ் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதைச் செய்ய எத்தனை ரெசிடென்ட் இருக்கிறார்கள், அவர்களில் முதல் ஆளாக நிற்பது யார் என்று பார்க்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? "ஹேண்ட்ஸ் ஆன் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "நல்லா இருக்கு" என்பார்கள், யாரும் தன் இடத்தைத் தானே குறை சொல்ல மாட்டார்கள். முதல் வருட ரெசிடென்ட் பயத்தில் இருப்பார், துறைத் தலைவர் விளம்பரம் செய்வார். முடித்து ஒரு வருடம் ஆன ஆளைப் பிடியுங்கள். குறிப்பாகக் கேளுங்கள்: கடைசி மாதத்தில் நீ முதல் ஆளாக நின்று செய்த ஆஞ்சியோபிளாஸ்டி எது, யாருக்கு, எந்த ரத்தக்குழாய்? ராத்திரி இரண்டு மணிக்கு எஸ்டிஇஎம்ஐ (அந்த ஓட்டுநருக்கு வந்த மாதிரி மாரடைப்பு) வந்தால் யார் உள்ளே போவார்கள்? டெம்பரரி பேஸ்மேக்கரை யார் போடுவார்? மைட்ரல் பலூன் செய்யும்போது செப்டம் பஞ்சர் (இதய அறைகளின் நடுச்சுவரைத் துளைப்பது) கடைசி வருடத்திலாவது உன் கைக்கு வந்ததா? லாக் புக்கைக் காட்டுவாயா? பதில் சொல்ல யோசிக்கிறார் என்றால் அதுவே பதில். முடிந்தால் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நேரில் போய் கேத் லேப் வாசலில் உட்காருங்கள். கையுறை மாட்டிக்கொண்டு யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று கண்ணாடி வழியாகவே தெரியும்.

எக்கோவை மறப்பது

ஸ்டென்ட் கனவில் இருக்கும்போது எக்கோ, அதாவது இதய ஸ்கேன், கிளார்க் வேலைபோலத் தெரியும். வண்ணாரப்பேட்டையில் தனியாகக் கிளினிக் போட்டால், முதல் சில வருடம் சோறு போடுவது எக்கோ ப்ரோப்தான். காசிமேட்டிலிருந்து முப்பது வயதுப் பெண் மூச்சு வாங்குகிறது என்று வருவாள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், சுருங்கிப்போன மைட்ரல் வால்வு. பலூனால் திறக்கலாமா, அறுவை சிகிச்சைதானா என்பதை நீங்கள் அளக்கும் அந்தப் படம்தான் முடிவு செய்யும். எக்கோவை டெக்னீஷியன் எடுத்து, ரெசிடென்ட் கையெழுத்து மட்டும் போடும் இடம் என்றால் லிஸ்ட்டில் கீழே இறக்குங்கள். டிஇஇ (உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ) கற்றுத் தருகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

டிஆர்என்பி என்றால் மட்டம்

இல்லை. டி.எம்.முக்கு இணையாக, தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டம் அது. இடத்தைப் பாருங்கள்.

சீட் மேட்ரிக்ஸை (இடங்களின் அட்டவணையை) அவசரமாகப் படிப்பது

2020 நவம்பரில் வந்த அரசாணைப்படி தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. அதற்குக் கலந்தாய்வு தனி. ஒரு கல்லூரியில் மொத்தம் எத்தனை சீட் என்று எண்ணிவிட்டு "எல்லாமே நமக்குத்தான்" என்று கணக்குப் போட்டவர் பலர். நீங்கள் எந்தப் பாதி என்று முதலில் பாருங்கள்.

அப்கிரேடு ஆசை

மேல் இடம் கிடைத்தால் பழைய இடம் போய்விடும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது.

ஐஎன்ஐ எஸ்எஸ்

எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பிஜிஐக்குத் தேர்வு வேறு. நீட் எஸ்எஸ் லிஸ்ட்டில் தேடாதீர்கள்.

சென்னையை விட்டு நகர மாட்டேன் என்பது

இதைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வயசான அம்மா, இரண்டு வயசுக் குழந்தை, வீட்டுக்காரருக்கு துறைமுகத்தில் வேலை என்று இருக்கிறவரிடம் வேறு மாநிலம் போ என்று சொல்வது சுலபம். ஆனால் அந்தக் காரணத்தைத் தன்னிடமே ஒளிக்க வேண்டாம். "இங்கதான் ட்ரெய்னிங் பெஸ்ட்" என்று ஜோடிக்காமல், "வீட்டுக்காக இங்கே" என்று எழுதி வைத்துவிட்டு லிஸ்ட் போடுங்கள்.

பாண்டு

படித்து முடித்த பின் எத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும், விலகினால் எவ்வளவு தொகை, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கையெழுத்துக்கு முன் படியுங்கள், பின் அல்ல.

ஸ்டைபெண்ட்

எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் தேதிக்கு வரும் என்றும் கேளுங்கள். டீக்கடை ஜூனியர் அன்று மாலையே மூன்று பேருக்குப் போன் போட்டாள். அவள் லிஸ்ட்டில் முதலில் இருந்த இடத்தில் முடித்த ஆள், எந்தக் கேஸ் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம் சிரித்துவிட்டு, "ஸ்டைபெண்ட் மட்டும் ஒண்ணாம் தேதி கரெக்டா வந்துடும்மா" என்றாராம்.