மலைக்கு ஏறும் ஸ்போர்ட்ஸ் கார்: சக்கரம் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் கடை வாசலில் நிற்கும் காருக்கு 19 இன்ச் அலாய் வீல் மாட்டினால் பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கார் பர்லியாறு தாண்டிக் குன்னூருக்கு ஏற வேண்டும், மழையில் இறங்கவும் வேண்டும். நீலகிரிக்காரர்கள் சக்கரம் வாங்கும்போது இதைத்தான் முதலில் மறந்துவிடுகிறார்கள்.

225/45 ஆர்17 என்றால் டயரின் அகலம் 225 மி.மீ., ரிம் 17 இன்ச். அதன் பக்கவாட்டுச் சுவர் அந்த 225-ல் 45 சதவீதம், அதாவது சுமார் 101 மி.மீ. அதையே 225/35 ஆர்19 ஆக்கினால் 79 மி.மீ.தான் மிஞ்சும். மொத்த விட்டம் ஒரு சதவீதம்கூட மாறாது என்பதால் ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் தெரியாது. "ஒண்ணும் ஆகாது சார்" என்று கடைக்காரர் சொல்வதும் அதை வைத்துத்தான். ஆனால் போன அந்த 22 மி.மீ.தான் குழியின் அடியை வாங்கிக்கொண்டிருந்தது. வளைவில் எதிரே பஸ் வந்து, நாம் ஒதுங்கி, தார் விளிம்பிலிருந்து ஒரு சக்கரம் கீழே இறங்கினால் போதும்: ரிம் நெளியும், இல்லையென்றால் டயரின் பக்கவாட்டில் முட்டை போல வீங்கும். அப்படி வீங்கினால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு ஒட்டுப் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும்.

டயரில் அளவுக்குப் பின்னால் இருக்கும் சுமை எண்ணையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோதான். என்னைக் கேட்டால் மலைக்கு 17 இன்ச், மிஞ்சினால் 18.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம், மி.மீ. கணக்கில். அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். கம்பெனி ரிம் 7.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 45 என்று வையுங்கள். புதியது 8.5 இன்ச், ஆஃப்செட் 35 என்றால் சக்கரத்தின் வெளி விளிம்பு ஏறக்குறைய 23 மி.மீ. வெளியே தள்ளும். கடையின் சமதளத்தில் எங்கும் உரசாது. ஊட்டி–மசினகுடி கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் மட்கார்டில் உரசல் சத்தம் கேட்கும். அதனால் பணம் கொடுக்கும் முன் நான்கு பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, கடையின் சரிவில் முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு டார்ச் அடித்து மட்கார்டின் உட்புறத்தைப் பாருங்கள். தூசி துடைத்தது போல ஓரிடம் பளபளத்தால் அந்த ரிம் வேண்டாம்.

போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 112 மி.மீ.யா, 114.3-ஆ என்பதிலும் ஏமாறுகிறார்கள். வித்தியாசம் 2.3 மி.மீ.தான் என்று முறுக்கி ஏற்றிவிடுகிற ஆட்களும் உண்டு. அப்படி ஏற்றிய போல்ட் நேராக உட்காராது, ஓட்டத்தில் தளரும். ரிம்மின் நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு ஒரு வளையம் போடுவார்கள். அது பிளாஸ்டிக் வேண்டாம், அலுமினியமாகக் கேளுங்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறக்கத்தில் பிரேக் கொதிக்கிற சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடலாம். மாட்டிய பின் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச் (குறித்த விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

டயர் ரப்பரில் ஆசை காட்டுவது ரேஸ் டிராக் வகை டயர்கள். சூடேறினால் பிரமாதமாகப் பிடிக்கும். டிசம்பர், ஜனவரி விடியலில் தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி படியும் குளிரில் அவை இறுகிப் பிடி இழக்கும். சாதாரண கோடைக்கால டயருக்கே 7 டிகிரிக்குக் கீழே பிடிப்பு குறையும். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. இந்த ஊருக்கு ஈரத்தில் பிடிக்கும் டயர்தான் டயர். பக்கவாட்டில் 3224 என்றிருந்தால் 2024-ன் 32-வது வாரம் செய்தது. தள்ளுபடி என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மலை ஏறினால் காற்றழுத்தம் கூடும் என்று அடிவாரத்தில் காற்றை இறக்குவதும் வேண்டாத வேலை. உயரத்தால் கேஜில் கூடுவதை ஊட்டியின் குளிர் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

அப்புறம் ஸ்டெப்னி. முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு போட்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் சரியாக இருக்காது, டயர்களை முன்பின் மாற்றவும் முடியாது. வாங்கும் முன் மேட்டுப்பாளையத்தில் ஒரு டயர் கடைக்குப் போன் போட்டு, அந்த அளவு அன்றைக்கே கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.